ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த வருஷம் பிறந்தது?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் பெயர்ப் பலகையில் ‘தோற்றம் 1926’ என்று இருக்கிறது. தொண்ணூறு வயதை ஒட்டிய பெரியவர் ஒருவர், ‘எங்க தாத்தாவே இந்தப் பள்ளிக்கூடத்துலதான்யா படிச்சாரு’ என்று அடித்துச் சொல்கிறார். நூற்றாண்டு விழாவுக்கு வசூல் ஆரம்பித்தாயிற்று. பேனர் அடிக்கும் முன் எதை நம்புவது? ஆண்டைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் பலகை சொல்லும் பள்ளிக்கூடமும் பெரியவர் சொல்லும் பள்ளிக்கூடமும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில், இரண்டு பேர் இப்படி முட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் இரண்டு பேருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் தொடக்கக் கல்வித் துறையில் 34 வருஷம் இருந்தவன். இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராகி, கடைசி சில வருஷம் ஒன்றிய அளவில் பள்ளி ஆய்வு செய்யும் பொறுப்பில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். வரலாறு முறையாகப் படித்தவன் இல்லை. ஆய்வுக்குப் போகிற பள்ளியிலெல்லாம் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். உங்கள் பதிவேட்டைக் கண்ணால் பார்க்காமல் ஆண்டைத் தீர்த்துச் சொல்ல முடியாது.

முதலில் அந்தப் பலகை. ‘ஊராட்சி ஒன்றியம்’ என்ற அமைப்பே 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு, 1960, 61 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயர் தாங்கிய எந்தப் பலகையும் 1926இல் எழுதியதாக இருக்க முடியாது. பின்னால் வந்த யாரோ எங்கிருந்தோ பார்த்து, அல்லது யாரையோ கேட்டு எழுதியது. கல்வெட்டாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ‘நினைவாக’, ‘தலைமை’ போன்ற சொற்களில் னை, லை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பழைய யானைத் துதிக்கை வடிவில் இருந்தால் அந்தக் கல் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியது. இப்போது நாம் எழுதுகிற வடிவில் இருந்தால் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். கல்லில் எந்த ஆண்டு பொறித்திருந்தாலும், கல் பொறித்த காலத்தை எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் 1926 எங்கிருந்து வந்தது? இப்போது தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிக்கும் 33இல் தொடங்கும் பதினோரு இலக்க யூடைஸ் எண் (அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் அந்தப் பள்ளிக்குரிய அடையாள எண்) இருக்கிறது. வருஷா வருஷம் நிரப்பும் அந்தப் படிவத்தில் ‘பள்ளி தொடங்கிய ஆண்டு’ என்று ஒரு கட்டம் உண்டு. கட்டத்தைக் காலியாக விட முடியாது. இதில் நானே ஒரு பாவம் செய்திருக்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு சின்னப் பள்ளியில் ஆதாரம் எதுவும் கைக்கு அகப்படவில்லை. மறுநாள் காலை படிவம் போயாக வேண்டும். சத்துணவு அமைப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். ‘எங்க மாமனாரு படிச்சாருங்க சார், ஒரு எழுபது வருஷம் இருக்கும்’ என்றார். கழித்துப் பார்த்து 1935 என்று எழுதிவிட்டேன். நான் மாற்றலாகிப் போய்ப் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனால், நுழைவாயில் வளைவில் சிமெண்டில் புடைப்பெழுத்தாக ‘1935’ நிற்கிறது! ஆகவே இணையத்திலும் பலகையிலும் ஒரே ஆண்டு இருப்பதை இரண்டு சாட்சியாக எண்ணாதீர்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிருப்பார்கள்.

இப்போது பெரியவர் பக்கம் வருவோம். அவருடைய தாத்தா படித்தது 1880களில் அல்லது 90களில் இருக்கும். அப்போது ஊரில் பள்ளிக்கூடமே இருந்திருக்காது என்று நினைப்பது தவறு. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறக்குறைய 1,28,50,000 ஜனத்தொகைக்கு அந்தக் கணக்கு. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றில் பெரும்பாலானவை ஒற்றை வாத்தியார் நடத்திய திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை, ஆத்திசூடி, எண்சுவடி, பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை. வாத்தியாருக்குச் சம்பளம் தானியமாகவும் எண்ணெயாகவும் போகும். அவர் செத்துப்போனாலோ ஊர் மாறினாலோ பள்ளியும் போய்விடும். மகன் தொடர்ந்தால் உண்டு. அதற்குப் பதிவேடு, முத்திரை, அங்கீகாரம் ஒன்றும் கிடையாது. தாத்தா படித்தது அப்படி ஒரு திண்ணையாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. (அந்த 12,498 பள்ளிகளிலும் எந்தச் சாதிப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், யார் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பது தனிக் கதை. கீழே வருகிறேன்.)

திண்ணைக்கும் உங்கள் ஒன்றியப் பள்ளிக்கும் நடுவில் ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. 1854க்குப் பிறகு தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கும் முறை வந்தது. திண்ணை வாத்தியார்களில் பலர் மானியத்துக்காகப் பதிவேடு வைத்து, இன்ஸ்பெக்டர் வரவுக்குக் காத்திருந்து, ‘எய்டெட்’ பள்ளிக்கூட மேனேஜர்களாக மாறினார்கள். 1871 உள்ளூர் நிதிச் சட்டமும் 1884 உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்து, போர்டு எனப்பட்ட அந்த உள்ளாட்சி வாரியங்களே பள்ளி நடத்தத் தொடங்கின. கிராமத்தில் பழைய ஆட்கள் இன்றைக்கும் ‘போர்டு ஸ்கூல்’ என்பது இதைத்தான். 1920இல் மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கல்வி வரி போட இடம் கிடைத்தது. அதையொட்டிய வருஷங்களில் பள்ளி இல்லாத ஊர்களில் போர்டு பள்ளிகள் திறப்பதும், தள்ளாடிக்கொண்டிருந்த எய்டெட் பள்ளிகளை போர்டு எடுத்துக்கொள்வதும் நிறைய நடந்தன. ஆக 1926 என்பது நம்ப முடியாத ஆண்டே இல்லை. ஆனால் அது புதுப் பள்ளி திறந்த ஆண்டா, இருந்த பள்ளியை எடுத்துக்கொண்ட ஆண்டா என்பது பலகையைப் பார்த்தால் தெரியாது.

அதைச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: சேர்க்கை நீக்கல் பதிவேடு. வருகைப் பதிவேட்டைச் சில வருஷத்தில் கழித்துவிடுவார்கள். சேர்க்கைப் பதிவேடு நிரந்தரம், அழிக்கக் கூடாது. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, இருப்பதிலேயே பழைய பாகத்தை எடுக்கச் சொல்லுங்கள். நீளமான, காலிகோ முதுகு போட்ட புத்தகமாக இருக்கும். மை பழுப்பேறி, சில இடத்தில் தாளையே தின்றிருக்கும். பக்கத்தை விரல் நுனியால் திருப்பாதீர்கள், உள்ளங்கையைக் கீழே கொடுத்துத் தூக்கித் திருப்புங்கள். முதல் பக்கத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சேர்க்கை எண் 1இல் தொடங்குகிறதா? சேர்ந்த தேதி எல்லாருக்கும் ஒன்றா? எந்த வகுப்பில் சேர்ந்தார்கள்? எண் 1இல் தொடங்கி, முதல் இருபது முப்பது பேரும் ஒன்றாம் வகுப்பு என்றால் அது புதுசாகத் திறந்த பள்ளிதான். எண் 1இல் தொடங்கினாலும், ஒரே தேதியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் ‘சேர்ந்திருந்தால்’, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பள்ளி நிர்வாகம் மாறியிருக்கிறது, அல்லது பழைய புத்தகம் கிழிந்துபோய்ப் புதுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். எண் 412 என்று நடுவில் தொடங்கினால் இதற்கு முந்தைய பாகம் ஒன்று எங்கோ இருந்தது என்று அர்த்தம். நான் பார்த்த ஒரு பள்ளியில் முதல் பக்கமே 1931 ஜூன். அதில் நான்காம் வகுப்பில் மட்டும் ஏழு பையன்கள். நாலாம் வகுப்புக்கு வர வேண்டுமானால் அவர்கள் எங்கோ மூன்று வருஷம் படித்திருக்க வேண்டும் இல்லையா? அடுத்த ஊரெல்லாம் அப்போது நாலைந்து மைல். ‘முன் படித்த பள்ளி’ என்ற பத்தியில் அதே ஊர் வாத்தியார் ஒருவரின் பெயர் மட்டும் இருந்தது. திண்ணைப் பள்ளி போர்டு பள்ளியாக மாறிய இடத்தை அப்படி ஒரே வரியில் பார்த்தேன்.

அந்தப் புத்தகத்திலேயே நம்பக் கூடாத பத்தி ஒன்றும் உண்டு, பிறந்த தேதி. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று போட்டுக்கொண்ட காலம் அது. ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதால் பாதி ஊர் மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்ததாகப் பதிவாகியிருக்கும். சேர்ந்த தேதியை நம்பலாம், பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பதிவேடு பள்ளியில் இல்லை என்றால் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். பழைய குடும்பங்களின் டிரங்குப் பெட்டியில் ரெக்கார்டு ஷீட் இருக்கும். தொடக்கப் பள்ளியை விட்டுப் போகும்போது கொடுக்கும் சான்று அது. அதன் தலைப்பையும் முத்திரையையும் பாருங்கள். தாலுகா போர்டுகளை 1934இல் கலைத்துவிட்டார்கள். எனவே ‘தாலுகா போர்டு எலிமெண்டரி பள்ளி’ என்று முத்திரை இருந்தால் அந்த வருஷத்துக்கு முந்தி பள்ளி இருந்தது உறுதி. ‘ஜில்லா போர்டு’ என்றால் பெரும்பாலும் 1934க்கும் 1960க்கும் இடைப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் குடும்பங்களில் பணிப்பதிவேட்டு நகல் இருக்கலாம். ஒன்றிய ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர் ஆனார்கள் என்பதால், அந்தச் சமயத்தில் சர்வீஸ் கணக்கெல்லாம் தூசு தட்டிச் சரிபார்த்தார்கள். அதில் ‘இன்ன பள்ளியில் இன்ன தேதியில் சேர்ந்தார்’ என்று தெளிவாக இருக்கும்.

ஆண்டு எழுதும் முறையிலும் கால் இடறும். வருவாய்த் துறைத் தாள்களில் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு, போட்டிருப்பார்கள். 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்து ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1336 என்பது 1926 ஜூலை முதல் 1927 ஜூன் வரை. நீங்கள் கன்னியாகுமரிப் பக்கமோ செங்கோட்டைப் பக்கமோ என்றால், அது முதலில் திருவிதாங்கூர், 1949இலிருந்து 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே பழைய தாள்களில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கு இருக்கும். 1102 என்றால் 1926 ஆகஸ்டு நடுவில் தொடங்கியது. கோயில் பக்கம், சத்திரம் பக்கம் கிடைக்கும் கல்லில் வெறும் தமிழ் வருஷப் பெயர் இருந்தால் இன்னும் கஷ்டம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘தாது வருஷம் வாத்தியார் வீடு கட்டியது’ என்று ஒரு கல் இருந்தால், அது பஞ்சத்துக்குப் பேர்போன 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷப் பெருமையை ஒரே எழுத்தில் சேர்த்துக்கொண்ட ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடத்தின் கதை வேறு, பள்ளியின் கதை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ ‘அ’ பதிவேட்டில் (ஊரின் நில விவரப் பதிவேடு) உங்கள் பள்ளியின் சர்வே எண்ணைப் பாருங்கள். முந்தைய நிலவரித் திட்டத்தில் மேய்ச்சல் புறம்போக்கு, அடுத்ததில் பள்ளிக்கூடம் என்று இருந்தால், கட்டடம் இரண்டுக்கும் நடுவில் வந்தது என்று கொள்ளலாம். யாராவது தானமாக எழுதிக்கொடுத்த இடம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் இருக்கும். ஆனால் பத்திரத் தேதியைப் பள்ளியின் பிறந்தநாளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்திரத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் பத்துப் பதினைந்து வருஷம் நடந்த பிறகு இடம் கிடைத்த பள்ளிகள் ஏராளம். இப்போது நிற்கும் கட்டடமோ அதைவிடப் புதுசு. 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தில் கட்டியதாக இருக்கலாம், 2001க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கட்டியதாக இருக்கலாம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனபிறகு கீற்றுக் கூரைகளையெல்லாம் இறக்கினார்கள். இறக்கியே ஆக வேண்டியதுதான். அதோடு பல ஊரில் பழைய கொட்டகையின் அடையாளமும் போயிற்று.

பெரியவர்களிடம் போகும்போது ‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள். வருஷம் யாருக்கும் நினைவில் இருக்காது, உங்களைச் சந்தோஷப்படுத்த ஒன்றைச் சொல்வார்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், தரை மண்ணா சிமெண்டா, வாத்தியார் எந்த ஊர், மத்தியானம் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ‘பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க’ என்றால் அது 1953, 54. ராஜாஜி கொண்டுவந்த திட்டம், காமராஜர் வந்ததும் எடுத்துவிட்டார். ‘சோறு போட ஆரம்பிச்சாங்க’ என்றால் 1956ஐ ஒட்டி. ‘மக்காச்சோள உப்புமா, பால் பவுடர்’ என்றால் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் உதவி வந்த அறுபதுகள். ‘சத்துணவு’ என்றால் 1982க்குப் பிறகு. ஒரு பாட்டி என்னிடம், ‘நான் படிக்கயில சிலேட்டைத் துடைக்க கோவக்காய் கொண்டுபோவோம், ஒரு பொண்ணு நான், மத்ததெல்லாம் பயலுக’ என்றார். ஆண்டே சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் முதல் பெண் பெயரைத் தேடிப் போனபோது அவரேதான் இருந்தார், 1944இல்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஊரில் இரண்டு பள்ளிகள் இருந்தனவா என்று விசாரியுங்கள். 1920 வாக்கிலிருந்து தொழிலாளர் துறை தாழ்த்தப்பட்டோருக்கென்று தனியாகப் பள்ளிகள் நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பல அந்த வழி வந்தவை. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்குத் தனி வரலாறு. தனிப் பள்ளிகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்குக் காரணம், ஊர்ப் பள்ளியில் சேர்க்கவில்லை அல்லது சேர்த்தாலும் வெளியே உட்காரவைத்தார்கள் என்பதுதான். விழா மலரில் ‘நூறாண்டாக ஊருக்கெல்லாம் ஒளி கொடுத்தது’ என்று எழுதும் முன், பதிவேட்டில் சாதிப் பத்தியை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிடுங்கள். காலனித் தெருவிலிருந்து முதல் பிள்ளை எந்த வருஷம் சேர்ந்தது என்பது பள்ளி தொடங்கிய ஆண்டைப் போலவே முக்கியமான தேதி. என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது. அந்தத் தெருப் பெரியவர்களிடமும் போய் உட்கார்ந்து கேளுங்கள். வசூலுக்கு மட்டும் போகாதீர்கள்.

எல்லாம் தேடியும் பதில் கிடைக்கவில்லை என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. போர்டு காலத்துக் கல்வித் துறை ஆணைகள் அங்கே கிடைக்கும். ஆனால் ஒரு குக்கிராமப் பள்ளியின் பெயர் அதில் தனியாக வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வந்தால் அதிர்ஷ்டம். போகும் முன் 1926இல் உங்கள் ஊர் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா என்று தெரிந்துகொண்டு போங்கள், இன்றைய மாவட்டப் பெயரைச் சொன்னால் அங்கே ஒன்றும் அகப்படாது. புதுக்கோட்டைச் சீமை என்றால் 1948 வரை அது தனிச் சமஸ்தானம், தேட வேண்டிய இடமே வேறு.

இப்போதைக்கு நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து என் கருத்து: 1926 அல்லது அதையொட்டி போர்டு பள்ளியாகப் பதிவாகியிருக்கலாம், அதற்கு முன்பு ஊரில் ஒரு திண்ணைப் பள்ளி நடந்திருக்கலாம். முதலாவதை ஆவணத்தால் நிறுவ முடியும், இரண்டாவதற்கு வாய்மொழிதான் ஆதாரம். இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்க வேண்டிய அவசியம் என்ன? 2025இல் அரசே நூற்றாண்டு கண்ட பள்ளிகளுக்கு விழா எடுக்க ஆரம்பித்ததிலிருந்து பல ஊர்களில் ‘எங்களுக்கு 120, உங்களுக்கு 95’ என்று போட்டி நடக்கிறது. அதில் இறங்காதீர்கள். பதிவேட்டில் 1926 உறுதியானால் பேனரில் ‘1926இல் போர்டு பள்ளியாகப் பதிவான நமது பள்ளி’ என்று போடுங்கள். மலரில் பெரியவர் சொன்ன திண்ணையைப் பற்றி, அவர் பெயரிலேயே, அவர் சொன்ன மாதிரியே ஒரு பக்கம் எழுதுங்கள். உறுதியாகாவிட்டால் ‘நூறாண்டை ஒட்டி’ என்று போட்டாலும் சாப்பாடு ருசியாகத்தான் இருக்கும்.

பதிவேட்டைக் கண்டுபிடித்தால் விழா உற்சாகத்தில் லேமினேட் செய்துவிடாதீர்கள். ஒரு தலைமையாசிரியர் நல்லெண்ணத்தில் அப்படிச் செய்து, இரண்டு மழைக்காலத்தில் உள்ளே பூஞ்சை பிடித்து மொத்தப் பக்கமும் கறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து, புத்தகத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு முதல் பக்கத்தில் பெயர், சாதி, தகப்பனார் பெயர் மூன்றையும் மறைத்துவிட்டு, சேர்க்கை எண், தேதி, வகுப்பு மட்டும் தெரியும்படி இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.